சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள்

ஆற்றோரத் தெருக்களில் வெள்ள எச்சரிக்கை ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்ப்பது மைக்செட்காரரின் வேலை. மனிதர் வாயைத் திறக்கவே மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து மனைவியே பேசித் தீர்ப்பாள். அப்படிப்பட்ட வாயை வெள்ளத் தடுப்பு அலுவலகம் சும்மா விடுமா? எச்சரிக்கையைப் பதிவு செய்ய அவளையே கூப்பிட்டார்கள்.

"ஆத்துல தண்ணி ஏறுது. பதறாதீங்க. அடுப்ப அணைச்சிட்டு, சாயங்காலத்துக்குள்ள மேட்டுக்கு வந்துடுங்க."

காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்த பிறகும் கம்பத்துக்குக் கம்பம் அந்தக் குரல் கேட்டது. ஊரே வெள்ளத்துக்கு நடுங்கும்போது, பெண்டாட்டி குரலுக்காக மழைக்கு ஏங்குகிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வார். ஆனாலும் கொட்டும் மழையில் கம்பத்தடியில் நின்று, "சரி, வர்றேன்" என்று பதில் சொல்வார்.

சில வருடங்களாக அவள் சொல்லும் நேரமும் ஆறு ஏறும் நேரமும் ஒத்துப்போகவில்லை. வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் மகள், ஒருநாள் சாப்பிடும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"வெயில்ல நிலம் சூடாகி காத்து மேல எழும்பும். அந்த எடத்துக்குக் கடல்காத்து ஈரத்தச் சுமந்துக்கிட்டு ஓடி வரும். பருவமழை அப்படித்தாம்ப்பா வருது. முன்னெல்லாம் நாள்கணக்கா பெய்யும், ஆறு மெதுவா ஏறும். இப்பக் கடலும் சூடு, காத்தும் சூடு. காத்து கூடுதலா தண்ணிய எடுத்துக்குது. வாரக்கணக்கா காயப்போட்டுட்டு, மொத்தத்தையும் ஒரே மூச்சுல கொட்டிடுது. மத்தியானமே வாசல்ல தண்ணி. அம்மா சாயங்காலம்னு சொல்றாங்க. ஜனங்களும் நம்பி உக்காந்திருக்காங்க."

"அவ மேல பழி போடாதே."

"பழி இல்லப்பா. பயமா இருக்கு."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. போன மழையில் கடைசி வீட்டுக்காரரைக் கூரையிலிருந்து இறக்கியதே இவர்தான். அந்த மனுஷன் அடுப்பை அணைத்து, துணி மடித்து வைத்து, நிதானமாகக் கிளம்பியவர்.

அலுவலகத்துக்குப் போய் அவள் பதிவை அழித்தார். பொத்தானை அமுக்குமுன் "கோவிச்சுக்காதே" என்றார். மகளைப் பேசச் சொன்னால் அம்மா குரல் மாதிரியே இருக்கும், யாராலும் தாங்க முடியாது. அதனால் தானே கரகரத்த குரலில் பேசினார். "தண்ணி வருது. இப்பவே கிளம்புங்க."

அடுத்த மழை அடித்துப் பெய்தது. கம்பமெல்லாம் அவர் குரல். ஆனால் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. பதறிப்போய் முதல் வீட்டுக்குள் ஓடினார். தையல்கார அக்கா மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்புங்கக்கா."

"நீ பேசுனது கேட்டுச்சு தம்பி. இன்னும் நேரமிருக்கு. அவ கூப்பிடட்டும், வர்றேன். அவ கூப்பிடாம என்னைக்கு ஆறு வந்திருக்கு?"

தண்ணீர் படியேறி அவள் பாதத்தைத் தொட்டது. அவர் அவள் கையைப் பிடித்தார்.

"அவ செத்துட்டாக்கா. இனிமே கூப்பிட மாட்டா."

அன்றைக்குத்தான் செய்தி வந்ததுபோல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். அவளை மேட்டுப் பாதையில் ஏற்றிவிட்டுத் திரும்பி ஓடினார். அடுத்த வீட்டிலும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும்.