அளவு வரைபடத்தில் குங்குமம்

1. மலைப்பாதையில் மண் சரிந்ததால் கினிகத்தேனையில் பஸ் நிற்கிறது.
2. பஸ்ஸின் கூரை ஒழுகி என் வரைபடம் நனைந்துவிட்டது.
3. தேநீர்க் கடை அடுப்பருகே அதை விரித்துக் காயவைத்திருக்கிறேன்.

பொலன்னறுவையில் கிடைத்த சோழர் கால வெண்கல அம்மனை, கலை வரலாற்று வகுப்புக்காகப் பென்சிலால் அளவெடுத்து வரைந்த படம் அது. வாசலுக்குப் போய் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். கடை பெஞ்சில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா, படத்தின் நெற்றியில் குங்குமம் வைக்கிறார்.

"ஐயோ, இத நாளைக்கு வாத்தியார் பாக்கணுங்க."

"அவரும் கும்பிட்டுக்கட்டும். ஆத்தா வெறும் நெத்தியோட இருக்கலாமா? மக டிக்கோயா ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் கெடக்கா. ரோடு இப்படிக் கெடக்கு, நான் எங்க போக? இவதான் பாத்துக்கணும்."

அழிரப்பர் என் கையில் இருக்கிறது. அந்த அம்மா எதிரேயே உட்கார்ந்து அம்மனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதை இன்னும் திறக்கவில்லை.