முப்பத்தாறு வயதுச் சிறுவன்

திருவிழாத் தெருவில் முதல் வரிசை இடம், ஒரு பிரபுவின் காதல், கரிக்காரர் மகள் இதோமே, தலைக்கு ஒரு கறுப்புத் தொப்பி, பெரியவர்களுக்குரிய ஒரு பெயர். என் தம்பி தகேமாரு வென்றவை இவை. பிரபுவின் காதல் மட்டும் அவன் கேட்காமலே வந்தது.

எங்கள் தலைநகரில் மாட்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு வயதாவதில்லை. தாடி முளைத்தாலும் பெரியவர்கள் வைக்கும் கறுப்புத் தொப்பி இல்லாமல், தலைமுடியைச் சிறுவனைப் போல் தொங்கவிட்டு, சிறுவன் பெயரிலேயே இருப்பான். என் தம்பிக்கு அப்போது முப்பத்தாறு. பெண் கேட்டுப் போனவனைக் கரிக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"சின்னப் பயலுக்கு யாரு பொண்ணு குடுப்பா? மீசை இருந்தாப் போதுமா? பெரிய மனுசன் பேரு ஒண்ணோட வா."

எங்கள் எஜமானரிடம் போய் நின்றான். அவர் சிரித்தார்.

"காமோ திருவிழா ஊர்வலத்துக்கு என் வண்டி முதல் வரிசைல நிக்கணும். நிறுத்திக் காட்டு. தொப்பியும் பேரும் நான் தர்றேன்."

போன ஆண்டு எங்கள் வண்டியிலிருந்து ஊர்வலக் குதிரைகளின் காதுகூடத் தெரியவில்லை. பெரிய வீட்டு ஆட்கள் சின்ன வண்டிகளைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். உயர்ந்த இடத்துப் பெண்கள் இருக்கும் வண்டி என்றால்தான் தயங்குவார்கள்.

நான் எஜமானர் வீட்டுத் தையல்காரி. தம்பி என்னிடம் வந்தான்.

"அக்கா, பட்டு அங்கியோட கை மட்டும் ரெண்டு ஜோடி குடேன்."

"எதுக்குடா?"

"பெரிய எடத்துப் பொண்ணுங்க மாதிரி வண்டித் திரைக்குக் கீழ தொங்கவிடத்தான். உள்ள ராணியம்மா இருக்காங்கன்னு நெனச்சுக்கட்டும்."

மேலே வெளிர் ஊதா, அடியில் பச்சை. திருவிழா வரும் நான்காம் மாதத்துக்கு அதுதான் முறை. நிறம் பிசகினால் தெருவே சிரிக்கும். ஒரு நூல் பிசிறில்லாமல் தைத்துக் கொடுத்தேன்.

விடிந்ததும் வண்டியை முன்னால் நிறுத்தி, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, தம்பி உள்ளே ஏறிக்கொண்டான். பணிப்பெண் போல நான் பக்கத்தில் நின்றேன். தள்ள வந்தவர்கள் பட்டுக் கைகளைப் பார்த்து விலகினார்கள். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஓர் இளம் பிரபு அந்த ஊதாவில் சொக்கிப்போய், விசிறியில் கவிதை எழுதி அனுப்பிவிட்டார். பதில் இல்லையென்றால் திரையருகே வந்து பேசுவார். உள்ளே இருப்பதோ மாடு அதட்டும் தொண்டை!

"அக்கா, என்ன எழுதிருக்கு?"

"இவங்க வளைச்சு வளைச்சு எழுதுறது எனக்கெங்க புரியுது? எதையாவது நீட்டுடா, வர்றாரு!"

திருவிழாவுக்காக ஊரே செருகுவது போல் தன் தலையில் செருகியிருந்த இலையைப் பிடுங்கி, பட்டுக் கைக்குள் கையை மறைத்து, விசிறிமேல் வைத்து நீட்டினான். பாதி வாடிய இலை.

பிரபுவின் கண் கலங்கியது. "ஒரு வார்த்த இல்ல! வாடின இல மட்டும்! என்ன மனசு!" என்று தன் ஆட்களையே காவலுக்கு நிறுத்தினார். அப்புறம் ஈகூட நெருங்கவில்லை.

எஜமானர் வந்து பின்பக்கம் ஏற, தம்பி முன்பக்கம் நழுவினான். அடுத்த கவிதைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிரபு, ஏறியவரைக் கணவர் என்று எண்ணிப் பெருமூச்சு விட்டுப் போனார்.

எஜமானர் சொன்ன சொல் தவறவில்லை. முடியைத் தூக்கிக் கட்டி, தொப்பி வைத்து, ஹதா சுனேயசு என்று பெயரும் சூட்டினார். இனி மாடு ஓட்டக் கூடாது, வண்டிக் கொட்டகைக்குக் காவல். அவன் வளர்த்த மாடு குரோ புதுத் தொப்பியை அடையாளம் தெரியாமல் நாடாவை மென்றுவிட்டது; நான்தான் வேறு தைத்தேன்.

"இப்பத்தான் மனுசனாத் தெரியுற, மாப்ளே" என்றார் கரிக்காரர்.

எழுதத் தெரியாததால் அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துக்குப் பதில் விரலை வைத்து, அதன் கணுக்கள் இருக்கும் இடத்தில் கோடு போட்டு வந்தவன், கொட்டகை மண்ணில் தன் பெயரை எழுதி எழுதிப் பழகினான். இதோமேயோடு குடியிருக்க வாங்கிய மனையின் பத்திரத்தில் என் தம்பி முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது பேரரசரின் கான்கோ காலத்து மூன்றாம் ஆண்டு, ஆறாம் மாதம், ஒன்பதாம் நாள்.