வெறுங்கதிரையும் வினோஜாவின் ஸோம்பிகளும்

இறந்தவர்களை வரைவதற்கு உயிருள்ளவர்கள் எதற்கு?

"தவராசா அண்ணை, கண்ணை மேல செருகுங்கோ. வாயை இன்னும் கொஞ்சம் கோணலாப் பிடியுங்கோ."

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால், ஆட்டோக்களுக்கு ஸ்டிக்கர் வெட்டும் தன் கடையில் வினோஜா பென்சிலோடு இருந்தாள். எதிரே பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து பேக்கரித் தவராசா இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"போன புத்தகத்தில என்னை முதல் பக்கத்திலயே சுட்டுப்போட்டாய். இந்த முறையாவது கொஞ்சத் தூரம் நடக்க விடு, பிள்ளை."

"நீங்கள் ஏற்கனவே செத்த ஆள், சுட்டா நோகாது. ஆடாம இருங்கோ."

ஓய்வு நேரத்தில் வினோஜா போர்ச் சித்திரக்கதை வரைகிறாள். ஒவ்வொரு இதழிலும் ஐந்து படையினர், குளக்கட்டுக்கு அப்பால் அகப்பட்ட மக்களை மீட்கப் போவார்கள். சேற்றிலிருந்து ஸோம்பிகள், செத்தும் நடக்கும் பிணங்கள், எழுந்து வருவார்கள். சீருடையில் கொடி கிடையாது. "எந்த ஆமி?" என்று கேட்பவர்களுக்கு, "களைச்சுப்போன ஆமி" என்பாள்.

அவளைப் பற்றி எழுதப் போயிருந்த நான், போர்க்கதைக்குள் ஸோம்பிகளை விடுவது மலிவான உத்தி என்றே நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது அவளுடைய விதி. ஸோம்பிகளுக்கு உயிரோடிருப்பவர்களின் முகம் மட்டுமே. ஆள் நேரில் வந்து கதிரையில் இருக்க வேண்டும். புகைப்படம் பார்த்து வரையமாட்டாள்.

"செத்த ஆக்களின்ர முகத்தை நான் தொடமாட்டன். அவையிட்டச் சம்மதம் கேக்கேலாதெல்லோ."

வன்னியில் இது காப்பதற்கு எளிய விதி அல்ல. யார் உயிரோடிருக்கிறார், யார் இல்லை என்பதே பல வீடுகளில் இன்னும் முடிவாகவில்லை.

தவராசாவின் முகம் பாதி முடிந்திருந்தபோது, முல்லைத்தீவிலிருந்து மதலேனா என்ற அம்மா வந்தார். 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போன மகன் நிறோஜனின் படத்தை மேசையில் வைத்தார். அப்போது பத்தொன்பது வயது, அரும்பு மீசை.

"உயிரோட இருக்கிற ஆக்களைத்தான் நீ செத்த ஆக்களாக் கீறுவியாம். மெய்யே?"

"ஓம் அம்மா."

"அப்ப இவனையும் கீறு."

தவராசா நீட்டிய கைகளை இறக்கிவிட்டார். வினோஜா மறுத்தால், அவன் உயிரோடில்லை என்று தாயின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். வரைந்தால், தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னதாகிவிடும்.

வினோஜா படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாயிடமே திருப்பிக் கொடுத்தாள். தவராசாவை எழுப்பிவிட்டு, வெறுங்கதிரையைத் தன் முன்னால் இழுத்து வைத்துப் புதுத் தாள் எடுத்தாள்.

"அவற்ர அப்பாவுக்கு எத்தினை வயசில முன்தலை மயிர் கொட்டினது, அம்மா?"

"முப்பது தாண்டக் கொட்டத் துவங்கீட்டுது. ஏன் பிள்ளை?"

"வண்டி வச்சதோ?"

"பின்ன? கடலால வந்து ஒரு பானை சோறு தின்பார்." மதலேனா தன் வயிற்றுக்கு முன்னால் கையைப் பிடித்து அளவு காட்டினார். "இவனும் அவரைப்போலதான், தீன்பண்டாரம்."

வினோஜா கதிரையைப் பார்ப்பதும் வரைவதுமாக இருந்தாள்.

புதிய இதழில் தவராசா இரண்டாம் பக்கத்தில் விழுகிறார். அவருக்குப் பக்கத்தில் வருகிற, முன்தலையில் வழுக்கை ஏறி வயிறு தள்ளிய நடுவயது ஸோம்பி கடைசிப் பக்கம்வரை நடக்கிறது.

ஏன் சம்மதித்தாய் என்று கேட்டேன். அவள் பென்சிலைச் சீவினாள். பிறகு, வாசலில் காத்து நின்ற அடுத்த ஆளுக்கு, நிறோஜனுக்காக இழுத்து வைத்த அந்தக் கதிரையைத் தாண்டிப் போய், வேறொன்றை எடுத்துப் போட்டாள்.