ஸ்பிரிங் பகலில் என்ன செய்தது

லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை எழுந்தபோது, அவருக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டிய நாய் எழுந்திருக்கவில்லை. மற்ற நாட்களில் அவர் போர்வையை விலக்குவதற்குள் ஸ்பிரிங் கட்டிலைச் சுற்றி ஓடி, அவருடைய செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வாசல் கதவருகே போய் நிற்கும். அன்று சமையலறை மூலையில், குளிர்ந்த தரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் இரண்டு இடத்தில் வாந்தி. கூப்பிட்டதற்கு வாலின் நுனி மட்டும் கடமைக்கு ஒருமுறை அசைந்தது.

"என்னடா?" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் அதிகம் பேசுகிற ஆளே இல்லை. வேலையும் அப்படிப்பட்டது. லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்திக்கொண்டோ, கட்டடத்தின் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியோ தனியாகச் செய்கிற வேலை. மேலேயிருந்து யாராவது "எப்ப சரியாகும்?" என்று கத்துவார்கள். "ஆயிடும்" என்பார். சரியானதும் அவர்கள் ஏறிப் போய்விடுவார்கள். அவர் படிக்கட்டு வழியாக இறங்கி வருவார்.

ஸ்பிரிங்கும் அப்படி ஒரு குழியில்தான் கிடைத்தது. எப்படி உள்ளே விழுந்ததோ, கூண்டு வேகமாக இறங்கினால் தாங்குவதற்காக வைத்திருக்கும் பெரிய சுருள்வில்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நடுங்கியது. கையளவு குட்டி, உடம்பெல்லாம் மசகு எண்ணெய். கருவிப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். குளிப்பாட்டிய பிறகுதான் அது வெள்ளை நாய் என்பதே தெரிந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மகனுக்குக் குழந்தை பிறந்தபோது துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று அவன் ஊருக்குப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. "எப்ப வர்ற?" என்று அவர் கேட்பதை எப்போதோ நிறுத்தினார். "வரட்டுமா?" என்று அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் பேரனைப் பற்றி.

நாயைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். கால்நடை மருத்துவர் இளம்பெண். ஸ்பிரிங்கின் ஈறை அழுத்திப் பார்த்தார். தோலை இழுத்து விட்டார். இழுத்த தோல் திரும்பிப் போகாமல் மடிந்தபடியே நின்றது.

"என்ன சாப்பிட்டுச்சு?"

"வழக்கமா நான் போடுறதுதாங்க."

"வேற ஏதாச்சும்? மருந்து, செடி, எலி விஷம்?"

"என் வீட்டுல அதெல்லாம் கிடையாது."

"வீட்டுக்கு வெளியில?"

மருத்துவர் ரத்தம் எடுத்தார். காலில் ஊசி குத்தி, திரவம் ஏற்ற ஆரம்பித்தார். நாய் அங்கேயே இருக்கட்டும் என்றார்.

பழுதான லிஃப்டைப் பார்க்கப் போனால் மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் கழற்ற மாட்டார். கடைசியாக ஒழுங்காக ஓடியது எப்போது, அதற்கப்புறம் என்ன மாறியது என்று கேட்பார். பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே அகப்பட்டுவிடும். வீடு திரும்புகிற வழியில் அதையே தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். முந்தின நாள் காலை நன்றாக ஓடி விளையாடியது. சாயங்காலம் வந்தபோது தட்டில் போட்டதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தது. வெயில் என்று விட்டுவிட்டார்.

முதல் சந்தேகம் தன் மேலேயே விழுந்தது. வேலைச் சட்டையில் ஒட்டியிருந்த மசகை நக்கியிருக்குமோ? சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நாய்க்கு எட்டாத உயரத்தில். அடுத்த சந்தேகம் குப்பை அறை. நேராகக் கீழே இறங்கி, கட்டடத்தின் காவலாளியைப் பிடித்துக்கொண்டார்.

"எலி மருந்து எங்க வெச்சே? சொல்லு!"

"எலி மருந்தா? எலியே இந்தக் கட்டடம் சரிப்பட்டு வராதுன்னு காலி பண்ணிட்டுப் போயிடுச்சு சார்!"

"விளையாடாதே. ஒரு உசிரு துடிச்சுக்கிட்டுக் கெடக்குது."

இத்தனை வருடத்தில் அவர் குரலை உயர்த்திக் காவலாளி கேட்டதில்லை. உடனே குப்பை அறையைத் திறந்து காட்டினார். மெக்கானிக் தொட்டி ஒவ்வொன்றின் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தொட்டிகளை இருந்த இடத்தில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு மாடி ஏறினார்.

மறுநாள் அவர் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தபோது மருத்துவர் போன் செய்தார். சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது. நோய் மாதிரி இல்லை, ஏதோ வயிற்றுக்குள் போயிருக்கிறது. எதெல்லாம் இப்படிச் செய்யும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்: சில வலி மாத்திரைகள், சில பூச்செடிகள், திராட்சை.

"திராட்சையா? பழம்தானே?"

"நமக்குப் பழம். நாய்க்கு விஷம். உலர் திராட்சை இன்னும் மோசம். சில நாய்ங்களுக்கு ஒண்ணும் ஆகாது, சிலதுக்குக் கொஞ்சம் போனாலே போச்சு. இதுக்கு ஒரு கணக்கே கிடையாது."

திராட்சை அவர் வீட்டுக்கு வந்தே வருஷக்கணக்காகிறது. மனைவிக்குத்தான் அதெல்லாம் பிடிக்கும்.

அன்று வாரத்தின் போன் நாள் இல்லை. இருந்தாலும் அவளைக் கூப்பிட்டார். அவள் பதறிப்போய், "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் எடுத்தாள். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"பகல் பூரா அது என்ன பண்ணும்?"

"என்ன பண்ணும்? படுத்துக் கெடக்கும்."

"பாத்தீங்களா?"

"வேலைக்குப் போயிட்டு நான் எப்படிப் பாக்குறது?"

"அந்த வீட்டுல பகல் முழுக்க ஒத்தையா நான் இருந்திருக்கேன். சும்மா படுத்துக் கெடக்க முடியாதுங்க. பால்கனிக்கும் கதவுக்குமா நடந்துக்கிட்டே இருக்கத் தோணும்." பிறகு வேறு குரலில், "பால்கனியில போய்ப் பாருங்க" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் பேரன் அழும் சத்தம் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

மெக்கானிக் பால்கனிக்குப் போனார். பட்டப்பகலில் அங்கே நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. அவருடைய பால்கனிக்கும் பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. தண்ணீர் வடிவதற்காக அடியில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. அந்த இடத்தில் மட்டும் தரை பளபளவென்று தேய்ந்து, வெள்ளை முடி அப்பிக் கிடந்தது. மண்டியிட்டார். மூலையில் கறுப்பாய் ஏதோ சுருங்கிக் கிடந்தது. கரப்பான் என்று நினைத்துத் தட்டினார்; நகரவில்லை. எலிப் புழுக்கை என்று நினைத்து எடுத்தார். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. உலர்ந்த திராட்சை.

பக்கத்து வீட்டில் இருப்பவர் பேக்கரியில் இரவு வேலை பார்க்கிறவர் என்பது மட்டும் மெக்கானிக்கின் காதில் விழுந்திருந்தது. இவர் போகும்போது அவர் தூங்குவார். இவர் வரும்போது அவர் கிளம்பியிருப்பார். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. அழைப்பு மணியை விட்டுவிட்டுக் கதவைக் கையால் இடித்தார். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவதென்றே வந்திருந்தார்.

தூக்கக் கலக்கத்தோடு ரொட்டிக்காரர் கதவைத் திறந்தார். புருவத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"இது உங்களுதா?"

ரொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, ஸ்பிரிங் மிச்சம் வெச்சிருச்சா? ஒண்ணுகூட விடாதே அது! ரெண்டு நாளா அதைக் காணோமேன்னு பாத்தேன். எங்கயாச்சும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களா?"

"பேர் எப்படித் தெரியும்?"

"நீங்க கூப்பிடுறது சுவரு வழியாக் கேக்குமே."

மெக்கானிக் திராட்சை இருந்த கையைத் தாழ்த்திக்கொண்டார். "ஆஸ்பத்திரியில கெடக்குது" என்றார். "கிட்னி போயிடும்போல. இதனாலதான்."

ரொட்டிக்காரர் நின்ற இடத்திலேயே, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது அழுவுங்க" என்றார். "நீங்க கதவைச் சாத்திட்டுப் போனதும் ஆரம்பிக்கும். குரைக்காது, அழுவும். எனக்குப் பகல்லதானே தூக்கம்? மொதல்ல கோவந்தான் வந்துச்சு. மேல் வீட்டுல புகார் குடுக்கலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன். ஒருநாள் அந்த இடுக்குல கையை நீட்டிப் பாத்தேன். நக்கிச்சு. சத்தம் நின்னுடுச்சு. அப்புறம் நாற்காலியை அங்கயே போட்டுக்கிட்டேன். கை அந்தப் பக்கம் இருக்கும், நான் இந்தப் பக்கம் தூங்கிடுவேன். பையில திராட்சை இருந்தா ஒண்ணு ரெண்டு குடுப்பேன். முந்தாநாள் கடையில மூட்டை கிழிஞ்சு போச்சு. பிடிக்குமேன்னு ஒரு கைப்பிடி கொண்டாந்தேன்." நிமிர்ந்து பார்த்தார். "தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார் மெக்கானிக். அழுததைத்தான் சொன்னார். ரொட்டிக்காரர் திராட்சையை என்று எடுத்துக்கொண்டார். திருத்துவதற்கு மெக்கானிக்குக்குத் தெம்பில்லை.

அடுத்த நாட்களை அவர் எப்படித் தள்ளினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வேலைக்குப் போனார். சாயங்காலம் மருத்துவமனைக்குப் போய் நாயின் காதருகே உட்கார்ந்தார். செருப்பு ஒன்றைக் கொண்டுபோய் அதன் மூக்கருகே வைத்தார். ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தபோது மருத்துவர் கூப்பிட்டார். ஸ்பிரிங் தாராளமாக மூத்திரம் போயிருக்கிறது, இனிப் பயமில்லை. கீழே காத்திருந்தவர்கள் "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "மூத்திரம் போயிடுச்சாம்!" என்று மேலேயிருந்து அவர் உரக்கச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அதன் பிறகு சிலர் அவரைப் பார்த்தால் சற்று ஒதுங்கியே போனார்கள்.

நாயோடு வீட்டுக்கு வந்த அன்று காவலாளியிடம் நின்றார். "அன்னிக்குக் கத்திட்டேன்" என்றார். "போகட்டும் சார்" என்றார் காவலாளி, குனிந்து நாயின் தலையைத் தடவிக்கொண்டே.

ஸ்பிரிங் உள்ளே நுழைந்ததும் நேராகப் பால்கனிக்கு ஓடியது. தடுப்பின் அடியில் மூக்கை வைத்து, பின்வாங்கி, மறுபடியும் வைத்துப் பார்த்தது. இடைவெளியை அந்தப் பக்கத்திலிருந்து பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலையிலேயே எழுந்து, வேலை முடிந்து படியேறி வந்த ரொட்டிக்காரருக்காக மெக்கானிக் காத்து நின்றார். வீட்டுச் சாவியில் ஒன்றை நீட்டினார். "பகல்ல நீங்க உள்ளயே போயி இருக்கலாம். நாற்காலி இருக்கு."

ரொட்டிக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாங்க. மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"பலகையையாவது எடுங்க."

"பாக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

அவர் எடுக்கவில்லை. மெக்கானிக் மேலாளரிடம் பேசி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போக ஏற்பாடு செய்துகொண்டார். படியேறும்போதே அழுகை கேட்கும். சாவி திரும்பியதும் நின்றுவிடும். ஸ்பிரிங் முன்பைவிட மெலிந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடிக்கிறது. மருத்துவர் சொன்ன உப்புச்சப்பில்லாத சாப்பாட்டை அவமானம்போல முகர்ந்துவிட்டுத் தின்கிறது. மனைவி இப்போதெல்லாம் பேரனைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே நாயைப் பற்றிக் கேட்கிறாள். தன்னைப் பற்றி அவளும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. ஒருமுறை கேட்க வாயெடுத்தார். "உனக்கு அங்க பகல்ல..." என்று ஆரம்பித்து, பேரன் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போவான் என்று முடித்தார்.

ஒரு விடுமுறை நாளில், வெயில் ஏறிய நேரம், தேநீரோடு பால்கனிக்கு வந்தார். ஸ்பிரிங் பலகையை ஒட்டிப் படுத்து, ஒரு காதை மட்டும் தூக்கி வைத்திருந்தது. அந்தப் பக்கம், பலகைக்கு மிக அருகில், மெல்லிய குறட்டை. நாற்காலியை ரொட்டிக்காரர் இன்னும் எடுக்கவில்லை போலும்.

மெக்கானிக் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையை மறுபடி பலகையின் பக்கமே வைத்துக்கொண்டது. டம்ளரைக் கீழே வைத்தால் ஓசை வருமோ என்று, தேநீர் ஆறும்வரை அதைக் கையிலேயே பிடித்திருந்தார்.