நாற்றம் நின்ற மதியம்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள், குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும். பவுசியா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் எந்த அறையிலும் கதவைச் சாத்துவதில்லை.

மீமிசல் ஊர்ப் பெண். டங்ஸ்டன் ஆக்சைடு நானோ கம்பிகளை, ஹைட்ரஜன் கலந்த கந்தக ஆவியில் சுட்டு நானோ குழாய்களாக்குவது அவளுடைய ஆராய்ச்சி. கம்பியின் வெளிப்பக்கம் முதலில் மாறும். பிறகு உள்ளே இருப்பதும் மெல்ல மெல்ல வெளிப்பக்கத்துக்கே போய்விடும். கடைசியில் உருவம் அப்படியே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதுவரை சுட்டதெல்லாம் பாழ். கையில் மிச்சமிருந்த ஒரு சிட்டிகைக் கம்பிதான் இப்போது உலைக்குள். இதுவும் போனால் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உலை எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வெளியேறிய வாயு, அதை உறிஞ்ச வைத்திருந்த காஸ்டிக் சோடா பாட்டிலில் குமிழ் விட்டது.

களக்... களக்...

அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. வழக்கம்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட இரைச்சலில் குமிழ்ச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. சத்தம் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி. ஃபேனை அவளே நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் நாற்றம் அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. தலை மட்டும் கனத்தது.

டக்... டக்...

கதவுக் கண்ணாடியை யாரோ இடுக்கியால் தட்டினார்கள். சீனியர் ஜெனிஷா. உலையைத் திறக்குமுன் இப்படித் தட்டுவது அவள் பழக்கம். பவுசியா சேர்ந்த அன்று, அவளைப் பார்த்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டவள். ஏன் என்று சொன்னதே இல்லை. தேர்த் திருவிழாவுக்காகச் சொந்த ஊர் ஆவூருக்குப் போயிருந்தாள்.

"எப்பக்கா வந்தீங்க?"

"நாத்தம் வருதா?"

"இல்லக்கா. நின்னுருச்சு."

"அதான். வெளிய வா."

"சாம்பிள் உள்ள இருக்குக்கா..."

"வா."

குமிழ்ச் சத்தமும் இல்லை. எப்போது நின்றது?

பவுசியா உலையைப் பார்த்தாள். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கண் எரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட். அதன் கை உருண்டு திரண்டு, நிறைந்துதான் இருந்தது. இடுக்கியும் இருந்தது.

பிடித்திருந்த விரல்கள் இல்லை...

மணிக்கட்டு இல்லை...

வெறும் குழாய்.

உள்ளே இருட்டு.

கதவைத் தள்ளினாள். விழுந்தாள்.

வராண்டாவில் யாரும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த டெக்னீசியன் அழகுமலைதான் அவளைத் தூக்கினார். வாயு போகும் குழாயில் கந்தகம் படிந்து அடைத்து, வாயு அறைக்குள் கசிந்திருந்தது. அறை முழுக்க விஷம். அந்த வாயு ஏற ஏற முதலில் மூக்கு செத்துப் போகும், அப்புறம்தான் ஆள். பவுசியா படித்ததுதான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சாம்பிள் தப்பித்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அத்தனையும் அழகான குழாய்கள். அவளால் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. ஜெனிஷாவுக்குப் போன் போட்டு, அன்று வந்தாளா என்று கேட்டாள்.

"நான் ஊர்ல தேர்கிட்டதான் நின்னேன், பவுசி. எனக்கும் ஒருக்கா நாத்தம் நின்னுச்சு. ஒருத்தி வந்து கண்ணாடியத் தட்டுனா. அதான் உசுரோட இருக்கேன்."

"யாருக்கா?"

"ஒன் மொகம்."

"நானா?"

"அப்ப நீ காலேஜ்லயே சேரல."