இரண்டாவது ஹெல்மெட்

ஷோரூமில் அன்று நடந்த பேச்சு ரிஹானாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

முதலில் பேசியவன் முருகானந்தம். டேங்க் புடைத்த ஒரு கறுப்பு வண்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “எப்படி இருக்குது?” என்று மனைவியைக் கேட்டான்.

“நீங்க நல்லாத்தான் இருக்கறீங்க. ஓட்டப் போறது நானுங்க,” என்றாள் சித்ரா.

“அப்ப நான் பண்ணைக்கு பஸ்ஸுலயே போகோணுமா?”

“அதுக்குத்தான் ரெண்டு பேருக்கும் ஆகட்டும்னு ஸ்கூட்டி சொன்னேன்.”

“பொம்பள வண்டில போய் எறங்குனா பண்ணைல கோழிகூடச் சிரிக்கும்.”

விற்பனையாளர் சிரித்துவிட்டு அந்தக் கறுப்பு வண்டியின் வேகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ரிஹானா அவர் நீட்டிய ஆங்கிலத் தாளை வாங்கிப் பார்த்தாள். வேகத்தை விட்டுவிட்டு சீட்டின் உயரம் போட்டிருந்த வரியைத் தேடினாள்.

“அக்கா, ஏறி உட்கார்ந்து ரெண்டு காலையும் கீழ வைங்க.”

சித்ராவுக்குக் கால் விரல் நுனிதான் தரையில் பட்டது. அவள் இறங்கி, சுவரோரம் நின்ற சாதாரண நூறு சிசி வண்டியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகப் பதிந்தன.

“பால்காரன் வண்டியாட்டம் இருக்குது,” என்றான் முருகானந்தம்.

“பால்காரங்க தெனமும் ஊடு போய்ச் சேர்றாங்கல்லங்க?”

கடைசியில் அந்த நூறு சிசி வண்டியையே எடுத்தார்கள். வண்டியோடு இரண்டு ஹெல்மெட் இலவசம் என்றார் விற்பனையாளர். முருகானந்தம் ஒன்றை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தான். “சட்டிக்குள்ள தலைய உட்டாப்புல இருக்குது,” என்று கழற்றி வைத்தான். அவனுக்கு அது இறுக்கம் என்று சித்ராவுக்குத் தெரிந்தது. பெரிய அளவு ஒன்றைக் குடோனில் தேடி எடுத்து வரும்வரை முக்கால் மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ராசிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிஹானாவும் சித்ராவும் வேலை பார்த்தார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரியான ரிஹானா உள்ளே மெஷினில் இருந்தாள். நாற்பது வயதைத் தொட்ட சித்ரா ஊர் ஊராகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து வருவாள். நரம்பே தெரியாத கிழவிகளுக்கும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த ஊர்களுக்கெல்லாம் பஸ் கிடையாது. தை பிறந்தால் சொந்த வண்டி இருப்பவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று லேப் முதலாளி கார்த்திகையிலேயே சொல்லிவிட்டார். கோழிப்பண்ணையில் முட்டை லோடு ஏற்றும் முருகானந்தம், தானும் ஓட்டக்கூடிய கியர் வண்டி என்றால்தான் கடனுக்குக் கையெழுத்துப் போடுவேன் என்றான். அத்தாவின் பழைய வண்டியில் மளிகை மூட்டையோடு செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் ஓட்டிப் பழகியவள் ரிஹானா. அதனால் துணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

பழக்கியதும் அவள்தான். எல்எல்ஆர் வந்த மறுநாளிலிருந்து, சந்தை கூடாத நாட்களில், மதியம் மூன்று மணிக்கு மேல் சந்தை மைதானத்தில் பழகினார்கள். ரிஹானா அதிகம் பேசமாட்டாள். ஒரு செங்கல்லை வைத்து, அதற்கு முன்னால் நிற்கச் சொல்வாள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வாள். சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போகிற இடத்தைப் பாருங்கள் என்பாள். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்பாள். சித்ரா ஐந்து முறை வண்டியோடு விழுந்தாள். ஐந்து முறையும் தானே தூக்கி நிறுத்தினாள்.

“ஊசி குத்தறதுக்கு முந்தி நரம்பத் தடவிப் பாக்கறமில்ல கண்ணு, ரோடும் அப்படித்தான்,” என்று ஒரு நாள் சொன்னாள்.

தை மாதத்தில் லைசென்ஸ் வந்தது. வேலை தப்பியது. அது மக்காச்சோளம் காயும் காலம். கிராமத்து ரோட்டில் பாதியை அடைத்துச் சோளத்தைக் கொட்டி, வண்டிகள் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். சாயங்காலம் சோளத்தை அள்ளிக்கொண்டு போவார்கள். கல் அங்கேயே கிடக்கும். சித்ரா வண்டியை நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு கல்லாக ஓரத்துக்கு உருட்டிவிட்டுத்தான் போவாள். “ஊசிக்காரம்மா ரோடு போடுதுடா,” என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவள் தினமும் உருட்டினாள். அவர்களும் தினமும் வைத்தார்கள்.

மதியத்துக்கு மேல் வண்டி முருகானந்தத்தின் கைக்குப் போய்விடும். லேபுக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டு பண்ணைக்குப் போவான். ஒரு நாள் சாவி வாங்க வந்தவன் ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். அதற்குள் வைக்கோல் பரப்பி, முந்தின நாள் பண்ணையிலிருந்து கொண்டுவந்த விரிசல் விட்ட முட்டைகளை அடுக்கியிருந்தான்.

“டீச்சரம்மா, இந்தாங்க, எடுத்துக்குங்க. சட்டி எதுக்காவது ஆகுதுல்ல?”

லேபில் எல்லோரும் சிரித்தார்கள். ரிஹானாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. ‘அண்ணா’ என்று ஆரம்பித்தால் போதும். இத்தனை பேர் முன்னால் எப்படி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு, “தேங்க்ஸ்ணா,” என்று மட்டும் சொன்னாள். மறுநாளும் அவன் வந்தான். அன்று மெஷினில் வேலை அதிகம். அதற்கு மறுநாள் அவன் வாசலிலேயே சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டான். இப்படியே மூன்று வாரம் போனது.

மாசியில் ஒரு சாயங்காலம், விளக்கு போடலாமா வேண்டாமா என்கிற வெளிச்சத்தில், பண்ணையிலிருந்து திரும்பிய முருகானந்தம் ஒரு கல்லில் ஏற்றினான். அன்று காலை அதே ரோட்டில் சித்ரா மூன்று கல்லை உருட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். இது மதியம் வைத்த கல். ஹெல்மெட் அவன் இடது முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு கீறல். உள்ளே இருந்த முட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தான். உயிர் பிழைத்தது. வலது கை வரவில்லை. பேச்சு வந்தது, ஆனால் நேற்றையது இன்றைக்கு நிற்பதில்லை. விடியற்காலையில் சித்ரா வண்டியை வெளியே தள்ளும்போது கட்டிலில் இருந்தபடி, “யாரு வண்டி அது?” என்று கேட்பான். “நம்முளுதுதானுங்க,” என்பாள் அவள். மறுநாளும் கேட்பான்.

மாமியார் பாப்பாயி மகனுக்குக் கேட்கும்படியே சொல்வாள். “இவ வண்டி எடுக்காம இருந்திருந்தா எம்பையன் பஸ்ஸுல வந்து எறங்கியிருப்பான். ராசி கெட்ட வண்டி.” வித்துவிடு என்றார்கள் உறவுக்காரர்கள். விற்றுவிட்டு அடுத்த மாதம் யார் சோறு போடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. சித்ரா பட்டறையில் விட்டு முன்பக்கத்தை நேராக்கி அதையே ஓட்டினாள். ஹெல்மெட்டை மாட்டி, பட்டையைத் தாடைக்குக் கீழே இழுத்துப் பூட்டுவாள். தண்ணிக்கு நிற்கும் பெண்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

“புருசன் தலைய உட்டுப்போட்டு, இவ தலைய மட்டும் பூட்டிக்கறா பாரு.”

இரண்டாவது ஹெல்மெட் அவள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. கடைசியாகப் பார்க்கப் போனபோது ரிஹானா அதைப் பார்த்தாள். ஓரத்தில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது.

காலை எட்டரைக்கு சித்ரா ஐஸ் பெட்டியை மேஜைமேல் வைக்கிறாள். பெயரைச் சொல்லி ஒவ்வொரு குழாயாக எடுத்துக் கொடுக்கிறாள். “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்கிறாள். கேட்க வேண்டிய வேறொன்றை இதுவரை கேட்கவில்லை. கேட்டுத் திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று ரிஹானா தினமும் காத்திருக்கிறாள். சித்ரா மறந்திருக்கமாட்டாள். ஒரு முறை பெயர் கேட்டால் மறக்காதவள் அவள்.

அவள் அதைச் சொன்னது சந்தை மைதானத்தில் பழகிய கடைசி நாளில். சித்ரா எட்டுப் போட்டு முடித்து, செங்கல்லுக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் சுத்தமாக நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரிஹானாவிடம் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணு செய்யோணும் கண்ணு. எங்கூட்டுக்காரரு சாவி வாங்க லேபுக்கு வருவாரு. தலைல மாட்டிக்கிட்டுப் போங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிரு. நான் சொன்னா சண்டையாப் போயிரும். நீ சும்மா பேசற புள்ள இல்ல. நீ சொன்னா அவரு கேப்பாரு.”