ஆள் மாறிச் சொன்ன பதில்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மேசையில். இன்னொன்று கொழுந்து நிறுக்கும் கொட்டகையை ஒட்டி, என் அறையில். இரண்டையும் ஒயரால் இணைத்துப் பேச வைக்கிறேன் என்று தோட்டத்து மேனேஜர் துரையிடம் வாயை விட்டுவிட்டேன். அதற்கான புரோகிராமை வாங்கித் தர மேலிடம் மறுத்துவிட்டது. கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன், பாடத்துக்கென்று எழுதப்பட்ட ஓர் இயங்குதளத்தை டிஸ்க்குகளில் அனுப்பினான். அதன் மூல நிரல் முழுவதும் கூடவே வந்தது. திறந்து படிக்கலாம், திருத்தலாம். எனக்கு அது போதும்.

பெரிய கிராணிக்குப் போதவில்லை. கொழுந்து பறிப்பவளின் மகளான நான் கம்ப்யூட்டரைத் தொடுவதே அவருக்கு உறுத்தல்.

"ஓசில வந்த சாமான்லா அது. சனிக்கிழமை ஈப்போவுலேருந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் வராரு. அதுக்குள்ள ஓடலன்னா அவரு பாத்துக்குவாரு. நீ பழையபடி தராசுக்குப் போயிரு" என்றார். துரையும் தலையாட்டினார்.

தராசடியில் நான்கு வருஷம் நின்றவள் நான். திரும்பிப் போவதாக இல்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர் தன் நெட்வொர்க் கார்டை உடனே கண்டுகொண்டது. என்னுடையதோ, இயங்குதளத்தை ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் 'கார்டு இல்லை' என்றது. என் கையால் செருகிய கார்டு! கண்ணெதிரே இருப்பதை இல்லை என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழற்றி, அதன் விளிம்பை அழிரப்பரால் தேய்த்தேன். வேறு இடத்தில் செருகினேன். அப்போதும் இல்லை.

"கார்டு செத்துப்போச்சு. திருப்பி அனுப்பிரு" என்றார் பெரிய கிராணி.

இரண்டு கார்டுகளையும் இடம் மாற்றிப் பார்த்தேன். என் கார்டு அவர் மேசையில் ஒழுங்காக வேலை செய்தது.

"சாகலைங்கய்யா. ஒங்ககிட்ட உசுரோடதான் இருக்கு" என்றேன். அவர் முகம் கடுத்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

வியாழக்கிழமை மூல நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். கார்டை இயக்கும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அது முதலில் செய்வது பெரட்டுதான். விடியலில் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவாரே, அதே வேலை. குறிப்பிட்ட முகவரி எண்ணுக்குப் போய், 'நீ யார்?' என்று கேட்கும். சரியான அடையாளம் வராவிட்டால் கார்டு இல்லை என்று எழுதிவிடும். வருகிற பதிலை அப்படியே திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். அங்கே யாருமே இல்லையென்றால் எப்போதும் ஒரே வெற்று எண்தான் வர வேண்டும். வந்ததோ, ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் உளறல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த உளறல் எனக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் என்றால், பெரட்டில் அவர் பெயருக்கு அம்மா குரலை மாற்றி "இருக்கேங்க" என்பார். அம்மாவுக்கு முடியாதபோது அந்த அக்கா சொல்வார். பனிமூட்டத்தில் கங்காணிக்கு முகம் தெரியாது. ஒரு நாள் காய்ச்சலோடு அக்காவே எழுந்து வந்துவிட, ஒரே பெயருக்கு இரண்டு குரல் எழுந்தது. கங்காணி இருவர் பெயரையும் அடித்துவிட்டார்.

அப்படியானால் இன்னொரு குரல் யாருடையது? தராசின் எடையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கார்டு! ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது கிடையாது. என்னுடையதில் மூன்று மாதத்துக்கு முன் மாட்டியது நானேதான். இரண்டு கார்டுக்கும் ஒரே முகவரி எண். என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன். நெட்வொர்க் கார்டில் இருந்த நகம் அளவு இணைப்பை ஓரிடம் தள்ளி மாட்டி, டிரைவரிலும் அந்த எண்ணை மாற்றினேன். வெள்ளிக்கிழமை மதியம் 'கார்டு இருக்கிறது' என்று வந்தது.

சனிக்கிழமை ஈப்போக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கொட்டகைத் தராசில் நிறுத்த கொழுந்தின் எடை பெரிய கிராணியின் திரையில் வந்து விழுந்தது. துரை நிமிர்ந்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் துரை பாத்து முடிச்சேன்" என்றார் பெரிய கிராணி, கூசாமல்.

என் பெயருக்கு இன்னொருவர் குரல் கொடுக்க எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. தொண்டையும் கட்டவில்லை.

"நான் செஞ்சேன், துரை" என்றேன், தராசடி வரை கேட்கும்படி.